மார்கழிக்கு மட்டும் மலைக்குதிரை

மார்கழி பிறந்துவிட்டால் பெரம்பலூர்ப் பக்கம் எந்த மாப்பிள்ளையும் குதிரை ஏறமாட்டான். தை வரும்வரை கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, மஞ்சள் நீராட்டு கிடையாது. கட்சிக்காரர்கள்கூட அந்த மாதத்தில் தலைவரைக் காரிலேயே உட்காரவைத்து விடுகிறார்கள். குதிரையின் வயிறுதான் மாதம் பார்ப்பதில்லை. ராசாங்கத்தின் இரண்டு குதிரைகளும் சிறுவாச்சூரில் நெடுஞ்சாலைக்கு மேற்கே ஒரு தகரக் கொட்டகையில் நின்று, நாள் முழுக்க மக்காச்சோளத் தட்டையை மென்று, அதை லத்தியாக மாற்றும் வேலையைக் குறைவில்லாமல் செய்துவந்தன. வெள்ளியும் திங்களும் காளி கோயிலுக்கு வருகிற குடும்பங்கள் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றவைப்பார்கள். அது தவிட்டுக்குச் சரியாகப் போகும்.

ராசாங்கத்தின் அப்பன் அடுத்தவர் கொல்லையில் சின்ன வெங்காயம் பிடுங்கியே முதுகு வளைந்தவர். ராசாங்கம் லாரி ஓட்டினான், சுண்ணாம்புக்கல் குவாரியில் கொஞ்சநாள் கிடந்தான், கடைசியில் குதிரைக்கு வந்தான். வந்ததும் விசிட்டிங் கார்டு அடித்தான். 'கலைச்சுடர் ராசாங்கம், நாட்டியக் குதிரை உரிமையாளர்' என்று அதில் இருந்தது. கலைச்சுடர் பட்டத்தை வழங்கியது யாரென்று கேட்டால் அச்சகத்துக்காரன் என்றுதான் சொல்லவேண்டும். இடம் காலியாக இருக்கிறதே என்று அவன்தான் போட்டுக்கொடுத்தான். அந்தக் கார்டை எந்தத் தெருவிலும் வாங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளையை ஏற்றிய குதிரை எந்தத் தெருவுக்குள்ளும் போகும். குதிரைக்காரனுக்கு மட்டும் பந்தி முடிந்த பிறகு, பின்பக்கம், வாளியில் மிச்சமிருக்கிற சாம்பார்.

நாட்டியம் என்று கார்டில் இருந்தது சிங்காரியை நம்பித்தான். சிங்காரி வெள்ளைப் பெண்குதிரை. மற்றது மருது, செம்பழுப்பு. அதற்கு நடக்கத் தெரியும், அவ்வளவுதான். சிங்காரிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்ததில் பாதி ராசாங்கத்தின் மனைவி மலர்கொடி. அவன் அதன் முன்னங்கால் இரண்டிலும் கயிறு கட்டி மாற்றி மாற்றி இழுப்பான். கால் எழும்பாவிட்டால் முழங்காலுக்குக் கீழே புளியம்விளாறால் ஒன்று போடுவான். எதிரே மலர்கொடி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துவைத்துக் கொட்டுவாள். சரியாகக் காலெடுத்தால் வாயில் ஒரு துண்டு வெல்லம். ஒரு வருசம் இப்படிப் போனதும் கயிறும் வேண்டியிருக்கவில்லை, விளாறும் வேண்டியிருக்கவில்லை. எங்கே கொட்டுச் சத்தம் கேட்டாலும் கால் தானாக எழும்பியது. அடி வேகமாகிற இடத்தில் சிங்காரி பின்னங்காலில் எழும்பி நிற்கும். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் மாமன் அதன் கழுத்தில் மாலை போடவேண்டும். கொட்டு நின்றால்தான் குதிரை நிற்கும். அதற்குமுன் நிற்க யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்படியொரு மார்கழியில்தான் டாக்டர் பரணிதரன் ஜீப்பில் வந்து இறங்கினார். கதர் ஜிப்பா, கழுத்தில் ஏதோ விதைகளைக் கோத்த மாலை, காலில் மலையேறும் விலையுயர்ந்த பூட்ஸ். 'கானகப் புரவி முகாம்' என்று ஒன்றை நடத்தப்போகிறார். நகரத்து மனிதர்களைக் குதிரைகளோடு பச்சைமலைக் காட்டுக்குள் கூட்டிப்போய், கூடாரமடித்துத் தங்கவைத்து, அவர்கள் தொலைத்ததை மீட்டுக் கொடுப்பது நோக்கம். அவர்கள் எதைத் தொலைத்தார்கள் என்பது பணம் கட்டிய பிறகு தெரிவிக்கப்படும்.

"எனக்கு இந்தக் கல்யாணக் குதிரையெல்லாம் ஆகாது தம்பி" என்றார் வந்ததும். "அலங்காரம், அடிமைத்தனம், சத்தம். எனக்கு மண்ணோட குதிரை வேணும். இது என்ன ஜாதி?"

ராசாங்கம் மலர்கொடியைப் பார்த்தான். அவள் தவிட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"மலைக்குதிரைங்க சார்" என்றான்.

"எந்த மலை?"

கொட்டகையிலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிறது ஒரே மலைதான்.

"பச்சமலைங்க சார். அங்கயே பொறந்தது."

"பேரு?"

"பச்சையம்மா."

பரணிதரன் கண்ணை மூடித் திறந்தார். "பாத்தீங்களா, எவ்ளோ வேர் இருக்கு அந்தப் பேருல."

அவர் போன பிறகு மலர்கொடி கை கழுவாமலே வெளியே வந்தாள்.

"பச்சையம்மாவா?"

"வாயில வந்துச்சு."

"மலையில பொறந்த குதிரைக்கு ரோஸ் கலர்ல வாலு இருக்குமாங்க?"

ராசாங்கம் அப்போதுதான் சிங்காரியின் வாலைப் பார்த்தான். கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்துக்குப் போட்ட சாயம், பஞ்சுமிட்டாய் நிறத்தில்.

"அவரு பாக்கலியே."

"அவரு கண்ண மூடிக்கிட்டுல்ல பேசுனாரு."

"கழுவிடு மலரு. ரெண்டு நாளு இருக்குல்ல."

"போவாதுங்க அது. ஒரு மாசம் நிக்கும்னு கடைக்காரன் சொல்லித்தான் குடுத்தான்."

"தை வரைக்கும் இதுங்களுக்கு என்னத்தப் போடறது? நாம ரெண்டு வேள தின்னாப் போதும்னு இருந்துரலாம். அதுங்ககிட்ட சொல்ல முடியுமா?"

மலர்கொடி வாளியை எடுத்துவந்தாள். வாஷிங் பவுடரும் சீயக்காயுமாகப் போட்டு இரண்டு நாளும் வாலைக் கசக்கினாள். சாயம் போகப் போக சிங்காரி ஏழைக் குதிரையாகிக்கொண்டே வந்தது. கழுத்து மணியையும் கண்ணாடிச் சில்லு வைத்த நெற்றிப்பட்டையையும் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்தாள். கால் லாடத்தை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அது தார் ரோட்டுக்கென்று அடித்த லாடம், தேய்ந்து வழவழவென்று இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் லாடபுரத்துக்கு மேற்கே அடிவாரத்திலிருந்து கிளம்பினார்கள். வந்தவர்கள் பத்துப் பேருக்குள் இருக்கும். திருச்சியிலிருந்து ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும், சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காரப் பிள்ளைகள் சிலர், மனை விற்கிற ஒருவர். இவர் விற்ற மனையில் ஒரு காலத்தில் ஏரி இருந்தது. அதைத்தான் தொலைத்திருப்பாரோ என்னவோ. எல்லாருடைய செல்போனையும் பரணிதரன் ஒரு துணிப்பையில் வாங்கிப்போட்டு மருதின் முதுகில் கட்டச் சொன்னார். தன்னுடையதை வைத்துக்கொண்டார். ஒருங்கிணைப்புக்குத் தேவைப்படுகிறதாம்.

முகாமுக்குக் குதிரைமுகாம் என்று பெயர் இருந்தாலும் ஏறுகிறவர்கள் குறைவு. சேணத்தில் உட்கார்ந்து ஒரு படம், இறங்கி நடை, மறுபடி ஒரு படம். மீதி நேரம் கூடாரமும் அரிசியும் பாத்திரமும் தண்ணீர்க் கேனும்தான் குதிரைமேல் போயின. மலர்கொடி சமையலுக்கு வந்திருந்தாள். வழிகாட்ட அய்யம்பெருமாள் என்கிற மலைக்காரர் வந்தார். அறுபதை நெருங்குகிறவர், பரணிதரன் ஓடைக்கு ஒன்றாக நின்று உரையாற்றும்போதெல்லாம் இவர் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். உரை முடிகிறதும் பீடி முடிகிறதும் ஒன்றாக இருக்கும்.

சுக்குநாறிப் புல்லும் ஈச்சம்புதரும் தாண்டிப் பாதை ஏறியது. பனி இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. குதிரைகளின் மூக்கில் புகைபோல மூச்சு. சரளையில் சிங்காரி இரண்டு இடத்தில் சறுக்கியது. ராசாங்கம் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, காதில் ஏதோ சொல்லிச் சொல்லிக் கூட்டிவந்தான்.

"பச்சையம்மா, வா வா" என்று பல் டாக்டரின் மனைவி கூப்பிட்டாள். குதிரை திரும்பிப் பார்க்கவில்லை.

"ரோஷக்காரிங்க" என்றான் ராசாங்கம்.

அய்யம்பெருமாள் பின்தங்கி மலர்கொடியோடு நடந்தார். "எந்த மலையில பொறந்துச்சாம் இது?"

"இதே மலதானாம்ணே."

"இதுலயா? எங்கப்பன் காலத்துல ஒரு தாசில்தாரு குதிரையில வந்தாராம். அதுவும் பாதியில எறங்கி நடந்துதான் வந்தாராம். அந்தக் குதிர போட்ட குட்டியா இருக்குமோ?"

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"நான் என்னம்மா சொல்லப்போறன். எனக்கும் அவருதான் கூலி தராரு."

மதியத்துக்கு முன்னால் ஒரு சமதளப் பாறைக்கு வந்துசேர்ந்தார்கள். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் பெரம்பலூர்ச் சமவெளி முழுவதும் பருத்தியும் சோளமுமாகக் கிடந்தது. கூடாரங்கள் எழும்பின. மலர்கொடி மூன்று கல் கூட்டிக் கம்பங்களி கிண்டி, வெங்காயமும் வரமிளகாயும் வைத்து அரைத்துத் துவையல் செய்தாள். பரணிதரன் களி உருண்டையைக் கையில் உயர்த்திப் பிடித்து, இதை நம் முன்னோர்கள் ஏன் உண்டார்கள் தெரியுமா என்று கேட்டார். அரிசி கிடைக்காததால் என்று மலர்கொடிக்குத் தெரியும். அவர் வேறு ஏழெட்டுக் காரணங்கள் சொன்னார். அவள் தனக்கும் ராசாங்கத்துக்கும் தனியாகக் கொஞ்சம் சோறு வடித்திருந்தாள்.

சாப்பிட்ட பிறகு பிரச்சினை லத்தியில் ஆரம்பித்தது. குதிரைகளைக் கூடாரங்களுக்குப் பக்கத்தில் மரநிழலில் கட்டியிருந்தான் ராசாங்கம்.

"ஸ்மெல் வருது தம்பி" என்றார் பரணிதரன். "அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டுங்க. பாறை முடியுற எடத்துல. பொழுது சாயறப்போ பின்னால சூரியன், முன்னால குதிரை. இந்த முகாமோட முகமே அதுதான்."

"அது வழுக்குப் பாறைங்க சார்."

"மலையில பொறந்த குதிரைக்குப் பாறை என்ன புதுசா?"

ராசாங்கம் கயிற்றை அவிழ்த்தான். மருதை விட்டுவிட்டுச் சிங்காரியை மட்டும் அழைத்துப்போய்ப் பாறை விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே இருந்த ஒரு வெப்பாலை மரத்தின் கிளையில் கட்டினான். கயிற்றைக் குட்டையாகத்தான் கட்டினான். படம் எடுக்கத் தோதாக இல்லையென்று பரணிதரன் இன்னும் இரண்டு முழம் விடச் சொன்னார். விட்டான்.

"ஏங்க, இது வேணாம்" என்றாள் மலர்கொடி, தண்ணீர்க் குடத்தோடு வந்து.

"செத்த நேரம்தான். படம் எடுத்ததும் அவுத்துருவேன்."

பொழுது சாய்கிற நேரம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மலர்கொடி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பரணிதரன் எழுந்து நின்று, இப்போது முகாமின் முக்கியமான கட்டம் என்றார். "இனி பேச்சு கிடையாது. வெறும் மௌனம். மௌனத்துக்குள்ள காட்டோட இதயத்துடிப்பு கேக்கும். கேளுங்க." கேட்பதற்கு வசதியாகக் கூடாரத்திலிருந்து ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து பாறைமேல் வைத்து, தன் செல்போனில் எதையோ தட்டினார். காட்டின் இதயம் சென்னையில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் துடித்துப் பதிவாகியிருந்தது. கொட்டுச் சத்தம், முதலில் மெதுவாக, ஒன்று விட்டு ஒன்று.

மலர்கொடிக்குக் கடுகு வெடித்தது கேட்கவில்லை. சிங்காரியின் காது இரண்டும் முன்னால் மடங்கியதைத்தான் பார்த்தாள். பிறகு இடது முன்னங்கால் எழும்பியது. வளைந்து, அரை நொடி நின்று, இறங்கியது. வலது கால். மறுபடி இடது. கழுத்து வில்லாக வளைந்தது.

"ஐயோ, ஆடுது பாருங்க" என்றாள் பல் டாக்டர் மனைவி. மௌனம் கலைந்ததை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கை தட்டினார்கள். பரணிதரன் முகத்தில் ஒரு வெளிச்சம். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "யாரும் சொல்லித்தரல. காடு ஆடவைக்குது. விடுதலை" என்றார்.

மலர்கொடி ராசாங்கத்தைப் பார்த்தாள். அவனும் பார்த்துவிட்டான். கொட்டை நிறுத்துங்க என்று இரண்டு வார்த்தை போதும். ஆனால் ஏன் நிறுத்த வேண்டுமென்று கேட்பார்கள். கேட்டால் கல்யாணம் வரும், ரோஸ் வால் வரும், சிறுவாச்சூர் வரும். அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் போய்விடும். அவன் எதுவும் சொல்லாமல், ஓடினால் சந்தேகம் வருமென்று ஓடாமல், வேகமாக நடந்தான், கயிற்றைப் பிடித்து அடக்கிவிடலாம் என்று. மலர்கொடி கரண்டியோடு நின்றாள். அவன் சொல்லட்டும் என்று நின்றாள். அவன் பாதி தூரம் போவதற்குள் அடி வேகம் பிடித்தது.

"சார், அந்தக் கொட்ட நிறுத்துங்க" என்று அவள் கத்தினாள்.

பரணிதரன் திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தினார். "உஷ். மௌனம்."

சிங்காரி பின்னங்காலில் எழும்பியது. எந்த மாமனும் மாலையோடு வரவில்லை. கொட்டு நிற்காததால் அதுவும் இறங்காமல் பின்னங்காலிலேயே இரண்டு எட்டு வைத்தது. இரும்பு லாடம் பாறையில் கிறீச்சென்று இழுபட்ட சத்தம்; வெப்பாலைக் கிளை முறிந்த சத்தம்; அப்புறம் பள்ளத்தில். ராசாங்கத்தின் கை காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் காட்டின் இதயம் இன்னும் கொஞ்சநேரம் துடித்தது. அணைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளம் ரொம்ப ஆழமில்லை. மலர்கொடி வேரைப் பிடித்து இறங்கினாள். சிங்காரி பக்கவாட்டில் கிடந்தது. ஒரு முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் மடங்கி, எலும்பு வெளியே தெரிந்தது. தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்து, "டாக்டர் சார், கொஞ்சம் வாங்க சார், வந்து பாருங்க" என்றாள்.

பரணிதரன் விளிம்பில் நின்றிருந்தார். "நான்... அந்த டாக்டர் இல்லம்மா. அது ஒரு அமைப்பு என் சேவைக்காகக் குடுத்த பட்டம்."

"அந்த இன்னொரு சாரு?"

"நான் பல்லும்மா" என்றார் பல் டாக்டர். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. பட்டம் எதுவும் இல்லாத அய்யம்பெருமாள் இறங்கிவந்து, துண்டைக் கிழித்து ரத்தம் வருகிற இடத்துக்கு மேலே இறுகக் கட்டினார்.

மனை விற்கிறவர் ராசாங்கத்தைக் கேட்டார்: "திடீர்னு ஏன்யா அப்டி ஆடுச்சு?"

மலர்கொடி கீழேயிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இப்போதாவது சொல்வான் என்றிருந்தாள்.

"மலைக்குதிரைங்க" என்றான் ராசாங்கம். "சந்தோசம் வந்தா அப்டித்தான்."

துணிப்பையிலிருந்து தன் செல்போனை எடுத்து அவன் கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொன்னான். இருட்டில் மலையேற முடியாது, காலையில் வருகிறோம் என்றார்கள். மலர்கொடி விடியும்வரை பள்ளத்திலேயே இருந்தாள்.

காலையில் பரணிதரன் முகாமை எழுப்பி, பறிபோன உயிருக்கு என்று சொல்லவந்து, உயிர் இன்னும் போகவில்லை என்பது ஞாபகம் வந்து, வலியில் இருக்கும் ஜீவனுக்காக என்று மாற்றி, ஒரு நிமிடம் மௌனம் நடத்தினார். அப்புறம் இந்த இடத்தில் எதிர்மறை ஆற்றல் சேர்ந்துவிட்டது, மேலே அருவிப் பக்கம் போய்விடலாம் என்றார். சாமான் சுமக்க மருது வேண்டும். ராசாங்கம் பள்ளத்துக்கு இறங்கி வந்தான். முகம் சவரம் செய்யாமல் ஒரு நாளில் கிழடாகியிருந்தது.

"நீ இரு மலரு. நான் இவங்கள மேல விட்டுட்டு வந்துர்றேன்."

"அது உங்களத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்குது."

"நான் இருந்தா எந்திரிச்சிடுமா?"

"எந்திரிக்காது."

"மருதும் சும்மா நின்னா ரெண்டும் போச்சுன்னு ஆயிரும். அவரு வேற கோவத்துல இருக்காரு. கயித்த சரியாக் கட்டலன்னு என்னயத்தான் சொல்றாரு."

"ரெண்டு மொழம் விடச் சொன்னது யாரு?"

"அத அவருகிட்ட கேக்கவா?"

"கேளுங்க."

அவன் சிங்காரியின் நெற்றியில் கை வைத்தான், எடுத்தான், போனான். அவன் சொன்னதில் கணக்குத் தப்பு எதுவுமில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வெயில் ஏறிய பிறகு கால்நடை டாக்டர் வந்தாள். வெற்றிச்செல்வி என்று பெயர், சின்ன வயதுதான், அடிவாரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு உதவியாளோடு நடந்தே வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. கால், வயிறு, ஈறு என்று பார்த்தாள். நல்ல காலில், முழங்காலுக்குக் கீழே, மயிர் முளைக்காத பழைய தழும்புகளைத் தடவினாள்.

"ஆட்டக் குதிரையா?"

"ஆமாங்க" என்றாள் மலர்கொடி. மலைக்கு வந்ததிலிருந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்போது ஒன்றும் ஆகவில்லை. காடு அப்படியே இருந்தது.

"இங்க கொட்டு அடிச்சாங்களா?"

"ஸ்பீக்கர்ல போட்டாங்க."

"இது ஆட்டக் குதிரைன்னு அவங்ககிட்ட சொல்லலியா நீங்க?"

"இல்லைங்க."

"நிறுத்தச் சொல்லியாவது இருக்கலாமே."

"சொன்னேங்க. கொஞ்சம் லேட்டா சொன்னேன்."

வெற்றிச்செல்வி பையைத் திறந்தாள். "எலும்பு வெளிய வந்துருச்சும்மா. உள்ளயும் அடி இருக்கு. இத நிமித்த முடியாது. வெச்சிருந்தா வலிதான்" என்றாள். "வூட்டுக்காரரக் கேக்கணுமா?"

மலர்கொடி மேலே பார்த்தாள். அருவிப் பக்கமிருந்து யாரோ சிரிக்கிற சத்தம் லேசாக வந்தது.

"வேணாம். போடுங்க."

ஊசி போடும்போது தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அய்யம்பெருமாள் ஊரிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்தார். மண் கொஞ்சம்தான் இருந்தது, கீழே பாறை. தோண்டியவரை இறக்கி, மேலே கல்லை அடுக்கினார்கள். கூலி என்று அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தபோது, "கெடக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, மூன்று பேரும் ஓடையில் கை கழுவப் போனார்கள்.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று கொட்டகையில் மருதுக்குக் கொம்பு இல்லாததால் நெற்றியில் மட்டும் பொட்டு வைத்தார்கள். அடுத்த நாள் ராசாங்கத்தின் செல்போன் அலற ஆரம்பித்தது. பரணிதரன் எடுத்த வீடியோ வெளியே வந்திருந்தது. அந்தி வெளிச்சம், பாறை, வெள்ளைக் குதிரை. இடது கால், வலது கால், வளைந்த கழுத்து. பின்னங்காலில் எழும்பும் இடத்தில் வீடியோ முடிந்துவிடும். கீழே 'கானகம் தன் மகளை ஆடவைத்தபோது' என்று எழுதியிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இதயம் போட்டிருந்தார்கள்.

திருமானூரிலிருந்து ராசாங்கத்தின் சின்ன மாமனார் கூப்பிட்டு, "மாப்ள, நம்ம சிங்காரிதானே அது, வாலுதான் வேற மாரி இருக்குது, நல்லா ஆடுதுய்யா" என்றார். உடையார்பாளையத்தில் ஒரு முந்திரி வியாபாரி மகள் கல்யாணத்துக்குப் பாறையில் ஆடுகிற அதே குதிரைதான் வேண்டுமென்றார். ராசாங்கம் எல்லாருக்கும், "அது இப்ப கேம்புல இருக்குதுங்க" என்றே சொல்லிவந்தான். செத்துப்போன குதிரைக்கு உயிரோடு இருந்தபோது இவ்வளவு கிராக்கி இருந்ததில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பரணிதரனே கூப்பிட்டார். ராசாங்கம் மருதைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால் மலர்கொடி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ராசாங்கம், சனிக்கிழமை பெரிய குரூப். எல்லாரும் வீடியோ பாத்துட்டு வராங்க. இன்னொரு குதிரையும் அதே மலைதானே? அதையும் காடு ஆடவைக்கும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு."

"சார், நான் மலர்கொடி பேசுறேன்."

"சொல்லும்மா."

"அத காடு ஆடவைக்கல சார். நாங்கதான் அடிச்சு ஆடவெச்சோம். அது கல்யாணக் குதிரை. கொட்டு கேட்டா ஆடும். உங்க கொட்டுலதான் செத்துச்சு. எங்க வாயாலயும் செத்துச்சு."

ராசாங்கம் பிரஷ்ஷோடு அப்படியே நின்றான். போனில் கொஞ்சநேரம் சத்தமில்லை. இந்தத் தடவை நிஜமான மௌனம்.

"அம்மா" என்றார் பரணிதரன், குரலைத் தாழ்த்தி. "வருத்தமா இருக்கு. ஆனா இத வெளிய யார்கிட்டயும் பேசாதீங்க. நம்ம ரெண்டு பேருக்குமே நல்லதில்ல."

மலர்கொடி அந்த 'நம்ம'வைக் கேட்டாள். அதில் அவளும் இருந்தாள். ராசாங்கம் வந்து அவள் கையிலிருந்து போனை வாங்கினான்.

"அவ ஏதோ மனசு சரியில்லாம பேசுறா சார். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. சனிக்கெழம வந்துர்றேன் சார்."

போனை வைத்துவிட்டு அவளைப் பார்க்காமல் மருதின் முதுகில் தண்ணீரை ஊற்றினான்.

"நீ கொஞ்சம் டின்ன எடு" என்றான். "இது மடக்குதிரைதான். ஆனாலும் ரெண்டு நாளு கால்ல கயித்த போட்டுப் பாப்போம். கால மட்டும் தூக்குனாக்கூடப் போதும், மீதிய அவரு பேசியே சமாளிச்சுருவாரு."

மலர்கொடி மருதின் கயிற்றை அவிழ்த்துக் கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் கட்டினாள். தட்டியை இழுத்துச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இது வராதுங்க."

"எங்க?"

"மலைக்கும் வராது. ஆட்டத்துக்கும் வராது. கோயில்ல பிள்ளைங்கள சுமக்கும், மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டு நடக்கும். முடிஞ்சா தின்னும், இல்லாட்டி பட்டினி கெடக்கும், நம்மகூட."

"பைத்தியமாடி ஒனக்கு? ஒத்துக்கிட்டாச்சு. ஒத்தக் குதிரையும் போவலன்னா சனிக்கெழம நான் அவருகிட்ட என்னத்தக் கொண்டுபோயி நிறுத்துறது?"

"நீங்க போயி நில்லுங்க" என்றாள் மலர்கொடி. அவள் குரல் உயரவேயில்லை. "நீங்களே ஆடுங்க. கொட்டுறதுக்குத்தான் அவரு இருக்காரே."

ராசாங்கம் தட்டியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். அவள் நகரவில்லை. உள்ளே மருது தட்டையை மென்றுகொண்டிருந்த சத்தம் கேட்டது. அவன் பிரஷ்ஷை வாளிக்குள் எறிந்துவிட்டு ரோட்டுப் பக்கம் போனான்.

சனிக்கிழமை ராசாங்கம் விடியும்முன்னே எழுந்து, கூடாரம் கட்டுகிற கயிற்றையும், மருது சுமந்ததைத் தானே சுமக்கத் தலைச்சும்மாட்டுக்கு ஒரு பழைய துண்டையும் எடுத்துக்கொண்டு, லாடபுரம் பஸ்ஸுக்குத் தனியாக நடந்தான். மலர்கொடி தூக்குவாளியில் சோறு மட்டும் கட்டி வைத்திருந்தாள். அதை அவன் எடுத்துக்கொண்டு போனான்.